இசைத்தட்டுக்கு முன்பே மேடை: கிங் கிரிம்சன் குழுவின் 1969 சுற்றுப்பயணம் ஓர் எளிய விளக்கம்

ராக் இசையைப் பற்றிய பேச்சில் 'டூர்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஒரு குழு ஆல்பம் ஒன்றை வெளியிடும், பிறகு அதை விற்பதற்காக ஊர் ஊராகச் சென்று அதே பாடல்களை வாசிக்கும், வாசித்து முடித்ததும் வீடு திரும்பி அடுத்த ஆல்பத்தைத் தொடங்கும் என்பதுதான் அச்சொல்லுக்குப் பலரும் மனத்தில் வைத்திருக்கும் பொருள். இன்றைய பெரிய நட்சத்திரங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் 1969ஆம் ஆண்டில், புரோகிரெசிவ் ராக் என்ற இசைவகை உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருந்தது. மேடைதான் முதலில் வந்தது. பல மாதங்கள் மேடையில் அடித்துத் துவைத்து வடிவம் பெற்ற இசையே பிறகு இசைத்தட்டில் ஏறியது. இதை அறியாமல் அக்காலத்து ஆல்பங்களைக் கேட்பவர்கள், அவை ஒலிப்பதிவுக் கூடத்தில் சில மேதைகள் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்தத் தவறான எண்ணத்தைத் திருத்த, லண்டனைச் சேர்ந்த கிங் கிரிம்சன் என்ற குழுவின் முதல் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். 1969 ஜனவரி 13 அன்று ஒத்திகை தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் நடுவில் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் அந்த முதல் அணி கடைசியாக ஒன்றாக வாசித்தது. இடையில் இருப்பது பதினொரு மாதம் மட்டுமே. ஒரு சுற்றுப்பயணம் ஒரு குழுவை எப்படி உருவாக்குகிறது, எப்படி உடைக்கிறது என்ற இரண்டையும் அந்தப் பதினொரு மாதத்திற்குள்ளேயே பார்த்துவிடலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

புரோகிரெசிவ் ராக் என்பது, ராக் இசையின் கருவிகளையும் ஒலிவலிமையையும் வைத்துக்கொண்டு, அதன் மூன்று நிமிடப் பாடல் வடிவத்தை விட்டு வெளியேறிய இசை. மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்து நீண்ட கட்டமைப்பையும், ஜாஸ் இசையிலிருந்து கற்பனையாக வாசிக்கும் பழக்கத்தையும் அது எடுத்துக்கொண்டது. 'புரோகிரெசிவ்' என்றால் உயர்ந்தது என்றோ அறிவாளிகளுக்கானது என்றோ பொருள் இல்லை. ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்துக்கு நகர்ந்து செல்லும் இசை என்று எடுத்துக்கொண்டால் தொடக்கநிலை வாசகருக்குப் போதும்.

சுற்றுப்பயணம் என்பது, குறிப்பிட்ட கால அளவில் பல ஊர்களில் தொடர்ச்சியாக நிகழ்ச்சி நடத்துவது. இதில் 'தொடர்ச்சியாக' என்ற சொல்லே முக்கியமானது. தனியாக நடக்கும் ஒரு கச்சேரிக்கும், இருபதாவது இரவில் நடக்கும் கச்சேரிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இருபதாவது இரவில் வாசிப்பவர்களின் கைகளுக்கு முந்தைய பத்தொன்பது இரவுகளும் தெரியும்.

ஒரு சமையல்காரர் புதிய குழம்பு ஒன்றை யோசித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாளே கல்யாணப் பந்தியில் அதைப் பரிமாற மாட்டார். வீட்டில் வைப்பார், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பார், எங்கே புளி தூக்கலாக இருக்கிறது, எங்கே கொதி போதவில்லை என்று பார்ப்பார். பத்துமுறை வைத்த பிறகே அளவுகளை ஒரு தாளில் எழுதி வைப்பார். 1969இன் புரோகிரெசிவ் ராக் குழுக்களுக்கு இசைத்தட்டு என்பது அந்தத் தாள். அதற்கு முந்தைய பத்துமுறை சமையல்தான் மேடை.

நிலவறையிலிருந்து லண்டன் கிளப்புகளுக்கு

கிங் கிரிம்சனின் முதல் அணியில் ஐந்து பேர் இருந்தார்கள். ராபர்ட் ஃப்ரிப் கிட்டார் வாசித்தார். கிரெக் லேக் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடினார். மைக்கேல் ஜைல்ஸ் டிரம்ஸ். இயன் மெக்டொனால்ட் சாக்ஸபோன், புல்லாங்குழல், விசைப்பலகைக் கருவிகள் அனைத்தையும் கவனித்தார். ஐந்தாமவரான பீட்டர் சின்ஃபீல்ட் கருவி எதையும் வாசிக்கவில்லை. அவர் பாடல் வரிகளை எழுதினார், மேடை விளக்குகளை இயக்கினார். வரி எழுதுபவரும் விளக்கு போடுபவரும் ஒருவராகவே இருந்து, அவர் முழு உறுப்பினராகவும் கருதப்பட்டார் என்பதிலிருந்தே, இந்தக் குழு மேடையை எவ்வளவு முக்கியமாக நினைத்தது என்று தெரிகிறது.

ஒத்திகை நடந்த இடம் லண்டன் ஃபுல்ஹாம் பேலஸ் சாலையில் ஓர் உணவகத்தின் நிலவறை. கருவிகள் வாங்கத் தேவைப்பட்ட பணத்தை மெக்டொனால்டின் உறவினர் ஒருவர் கடனாகக் கொடுத்தார். ஏப்ரல் 9 அன்று ஸ்பீக்கீசி என்ற கிளப்பில் அவர்களுடைய லண்டன் மேடை வாழ்க்கை தொடங்கியது. அந்தக் கிளப்பை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், அது இசைக்கலைஞர்களும் இசைத்தட்டு நிறுவனத்தாரும் இரவில் கூடும் இடம். இருநூறு பொதுமக்கள் முன்னால் வாசிப்பதைவிட, இசைத்துறையைச் சேர்ந்த ஐம்பது பேர் முன்னால் வாசிப்பது அப்போது அதிகப் பயன் தந்தது. அவர்கள் மறுநாள் மற்றவர்களிடம் பேசுவார்கள். நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்கள் அதைக் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள். விளம்பரச் செலவு செய்ய வழியில்லாத ஒரு புதிய குழுவுக்கு வாய்வழிச் செய்திதான் விளம்பரம்.

அது வேலை செய்தது. சோஹோ பகுதியின் வார்டர் தெருவில் இருந்த மார்க்கீ கிளப்பில் அவர்கள் மீண்டும் மீண்டும் வாசித்தார்கள். மே மாதத்தில் ஒரு கிளப்புக்குப் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்திருந்தார். வலது கையில் கட்டுப் போட்டிருந்த அவர், நிகழ்ச்சியின் இடையில் ஃப்ரிப்பிடம் வந்து இடது கையை நீட்டிக் குலுக்கச் சொன்னாராம். இதை ஃப்ரிப் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நாளில் இக்குழுவுக்கு வெளியான இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே சற்று நின்று பார்ப்போம். ஒத்திகை, சிறிய கிளப், இசைத்துறையினரின் பேச்சு, அடுத்த கிளப் என்ற சங்கிலியில்தான் குழு நகர்ந்தது. இசைத்தட்டு இந்தச் சங்கிலியின் இறுதியில் வரும் ஒரு கண்ணியே தவிர, அதன் தொடக்கம் அல்ல.

ஹைட் பார்க்: தயாராக இருந்ததால் கிடைத்த பலன்

1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இலவச இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. அக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் அதற்கு இரண்டு நாள் முன்புதான் இறந்திருந்தார். கூட்டம் இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம்வரை இருந்திருக்கும் என்று பலவாறாக மதிப்பிடுகிறார்கள். முதன்மைக் குழுவுக்கு முன்னால் மேடை ஏறிய குழுக்களில் கிங் கிரிம்சனும் ஒன்று. ஸ்பீக்கீசியில் வாசித்து மூன்று மாதம்கூட நிறையவில்லை.

இந்த நிகழ்ச்சியைப் பெரும் அதிர்ஷ்டம் என்று எழுதுவது வழக்கம். அழைப்பு கிடைத்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஆனால் வேறொருவரைப் பார்க்க வந்த பல லட்சம் பேரை, கேள்விப்படாத பாடல்களால் பிடித்து நிறுத்துவதற்கு அதிர்ஷ்டம் போதாது. அன்றைய ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஒலித்தரம் மோசமாக இருந்தாலும் ஒன்று தெளிவாகக் கேட்கிறது: நான்கு கருவிகளும் ஒரே நொடியில் நிற்கின்றன, ஒரே நொடியில் மீண்டும் தொடங்குகின்றன. '21ஆம் நூற்றாண்டின் ஸ்கிட்சாய்ட் மனிதன்' என்ற பொருள்படும் பாடலின் நடுப்பகுதியில், வேகமான சிறு துணுக்குகளை எல்லாரும் சேர்ந்து வாசித்துச் சட்டென்று மௌனமாகும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் இம்மி பிசகினாலும் அது குலைந்துவிடும். கிளப்புகளில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்த கைகளுக்குத்தான் திறந்தவெளியில், ஒருவர் ஒலி மற்றவருக்குச் சரியாகக் கேட்காத நிலையில், அது கைகூடும்.

மேடையில் உண்மையில் என்ன நடந்தது

ஒரு நிகழ்ச்சியில் எந்தப் பாடலை எந்த வரிசையில் வாசிப்பது என்ற பட்டியலை 'செட்' என்பார்கள். புதியவர்கள் இதை வெறும் பட்டியலாக நினைக்கிறார்கள். கிங் கிரிம்சனின் 1969 செட்டில் மூன்று வகைப் பொருள்கள் கலந்திருந்தன. முதலாவது, இம்மியும் மாறாமல் எழுதிக் கோத்த பாடல்கள். இரண்டாவது, வாசல் மட்டும் கட்டிவிட்டு உள்ளே திறந்தவெளியாக விட்டிருந்த பாடல்கள். டோனவன் என்ற பாடகரின் பாடல் ஒன்றை எடுத்துத் தொடங்கி, இரண்டு வரி பாடியதும், சாக்ஸபோனும் டிரம்ஸும் தோன்றிய வழியில் போகும். மூன்றாவது, வேறொருவரின் செவ்வியல் படைப்பு.

இரண்டாவது வகையைத்தான் 'இம்ப்ரொவைசேஷன்' என்கிறார்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில், முன்கூட்டி எழுதாமல் வாசிப்பது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு மனோதர்மம் என்ற சொல் போதும், வேறு விளக்கம் வேண்டாம். ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும். நம் மனோதர்மத்துக்கு ராகமும் தாளமும் வேலி. இவர்களுக்கு அப்படி முன்பே வகுத்த வேலி கிடையாது. ஒருவரையொருவர் கூர்ந்து கேட்பதே வேலியாக இருந்தது. அதனால்தான் சில இரவுகளில் அந்தப் பகுதி அற்புதமாக அமைந்தது, சில இரவுகளில் வழி தவறி அலைந்தது. தவறிய இரவுகளும் பயணத்தின் பகுதியே. எது நிற்கும், எது நிற்காது என்று அவைதான் கற்றுக்கொடுத்தன.

மூன்றாவது வகைக்கு எடுத்துக்காட்டு, ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் முதல் உலகப்போர்க் காலத்தில் கோள்களைப் பற்றி எழுதிய தொகுப்பின் செவ்வாய்ப் பகுதி. அது ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுவது. நம் கணக்கில் கண்டம் என்று கொள்ளலாம். ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதை நான்கு பேர் வாசித்தார்கள். டிரம்ஸ் அந்த ஐந்தை விடாமல் இறுக்கிக்கொண்டே போக, மேலே ஒலி சிறிது சிறிதாக உயர, சின்ஃபீல்டின் விளக்குகள் வெட்டி வெட்டி ஒளிர, நிகழ்ச்சி அதோடு முடியும். அதற்குப் பிறகு வேறெதையும் வாசிக்க முடியாது என்பதாலேயே அதைக் கடைசியில் வைத்தார்கள்.

அப்படியானால் நான்கு பேரிடமிருந்து ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அக்காலச் சுற்றுப்பயணத்தை விளக்கவே முடியாது.

மெல்லோட்ரான் என்ற பாரம்

ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் காற்று ஒரு நாக்கை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது. மெல்லோட்ரான் பார்ப்பதற்கு அதேபோல் கட்டைகள் கொண்ட கருவிதான். ஆனால் உள்ளே நாக்குகளுக்குப் பதிலாக ஒலிநாடாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு டேப் ரெக்கார்டர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயலின்கள் சேர்ந்து ஒரு ஸ்வரத்தை வாசிப்பதை முன்பே பதிவுசெய்து, அந்த நாடாவை அதற்குரிய கட்டையின் கீழ் பொருத்தியிருப்பார்கள். கட்டையை அழுத்தியதும் நாடா, ஓடிக்கொண்டிருக்கும் உருளையோடு ஒட்டி நகரத் தொடங்கும். பதிவான வயலின் ஒலி கேட்கும். கட்டையை விட்டதும் நாடா தொடக்க நிலைக்கு இழுக்கப்பட்டுவிடும்.

இந்த அமைப்பின் விளைவுகளைப் பார்த்தால் மேடைச் சிக்கல் புரியும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு வினாடிக்கு மட்டுமே போதும். அதற்கு மேல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. வாசிப்பவர் எட்டு வினாடிக்குள் விரலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாடா ஓடும் வேகம் மோட்டாரைப் பொறுத்தது. மின்சாரம் ஏறி இறங்கினால் வேகம் மாறும், வேகம் மாறினால் சுருதி மாறும். ஈரப்பதமும் குளிரும் நாடாவைப் பாதிக்கும். இந்தக் குழு பயன்படுத்திய மார்க் டூ என்ற வகையில் ஒரு பக்கத்துக்கு 35 என்று 70 கட்டைகள், அதாவது 70 நாடாக்கள். எடை ஏறத்தாழ 160 கிலோ. அது வரவேற்பறையில் மரச்சாமான் போல நிலையாக நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதை வேனில் ஏற்றி, கரடுமுரடான சாலையில் கொண்டுபோய், கிளப்பின் குறுகிய படிக்கட்டில் தூக்கி, இரவு பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் இறக்கினார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் என்றால் காரணம் உண்டு. மெல்லோட்ரானின் வயலின் ஒலி உண்மையான வயலின் போல இருக்காது. நாடாவின் சிறு நடுக்கம், தேய்ந்த ஒலி, திடீரென்று தொடங்கித் திடீரென்று அறுவது எல்லாம் சேர்ந்து, தூரத்தில் பெரிய வாத்தியக்குழு ஒன்று துயரத்தோடு வாசிப்பது போன்ற உணர்வைத் தரும். அந்தக் குறைகள்தான் அந்த இசையின் நிறம். ஒரு புதிய கேட்பவருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்: 'கிரிம்சன் அரசனின் அவையில்' என்ற பொருள்படும் பெயர்கொண்ட இக்குழுவின் முதல் ஆல்பத்தில் நெஞ்சை அடைக்கும் பேரொலியாகக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கருவிதான், வாடகைக்கு அமர்த்திய ஆர்க்கெஸ்ட்ரா அல்ல. ஆர்க்கெஸ்ட்ரா அமர்த்தியிருந்தால் அதை மேடைக்குக் கொண்டுபோயிருக்க முடியாது. மேடைக்காகத் தேர்ந்த கருவியே இசைத்தட்டின் ஒலியையும் தீர்மானித்தது.

சுருக்கமாக: மெல்லோட்ரான் என்பது நாடாவில் பதிந்த ஒலியைக் கட்டைகளால் இயக்கும் கருவி. அது கனமானது, எளிதில் சுருதி தவறுவது. ஆனால் நான்கு பேரை நாற்பது பேராகக் கேட்கவைத்தது அதுவே.

பிறகுதான் ஒலிப்பதிவுக் கூடம்

மூடி ப்ளூஸ் குழுவின் தயாரிப்பாளரான டோனி கிளார்க்குடன் தொடங்கிய ஒலிப்பதிவு முயற்சி சரிவரவில்லை, அதைக் கைவிட்டார்கள். மேடையில் தாங்கள் எப்படி ஒலிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் முதல் ஆல்பத்தைத் தாங்களே தயாரிப்பது என்ற துணிச்சலான முடிவை எடுத்தார்கள். லண்டனின் வெசெக்ஸ் கூடத்தில், எட்டுத் தடங்களில் ஒலிகளைத் தனித்தனியாகப் பதியக்கூடிய கருவியில், ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் பதிவு நடந்தது. ஒலிப்பதிவுக்கு நடுவிலும் மேடை ஏறினார்கள். ஆகஸ்ட் 9 அன்று பிளம்டன் இசைவிழாவில் வாசித்தார்கள். ஆல்பம் அக்டோபர் 10 அன்று வெளிவந்து, பிரிட்டனில் விற்பனை வரிசையில் 5ஆம் இடத்தைத் தொட்டது.

ஜனவரியில் சந்தித்தவர்கள் அக்டோபரில் இப்படியொரு முதிர்ந்த ஆல்பத்தை வெளியிட்டது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இதுவரை சொன்னதில் இருக்கிறது. ஆல்பத்தின் முதன்மையான பாடல்கள் அதற்குள் நூற்றுக்கணக்கான மணிநேரம் ஒத்திகையிலும் மேடையிலும் வாழ்ந்திருந்தன. இன்னொரு சான்றும் உண்டு. மேடையில் வாசித்த எல்லாம் தட்டில் இடம்பெறவில்லை. செவ்வாய்ப் பகுதி மாற்றிய வடிவத்தில், வேறு பெயரில், 1970இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் சேர்ந்தது. 'டிராப் இன்' என்ற மேடைப்பாடல் 1971இல் வேறு வரிகளோடு வேறொரு பாடலாக மாறியது. மேடை ஒரு விளைநிலமாக இருந்தது. ஆல்பத்துக்குப் போனது அதிலிருந்து அறுத்த ஒரு பகுதியே.

யார் பணம், யார் பொறுப்பு

சுற்றுப்பயணத்தைப் பற்றிய பேச்சில் மேலாளர், ஏஜென்ட், புரமோட்டர் என்ற மூன்று சொற்களையும் பலர் ஒன்றாகவே பயன்படுத்துகிறார்கள். மேலாளர் குழுவின் சார்பில் எல்லா முடிவுகளையும் கவனிப்பவர். ஏஜென்ட் நிகழ்ச்சிகளைத் தேடிப்பிடித்துத் தேதி குறிப்பவர். தொகையில் ஒரு பங்கு அவருக்கு. புரமோட்டர் ஒரு குறிப்பிட்ட ஊரில் அரங்கை எடுத்து, நுழைவுச்சீட்டு விற்று, குழுவுக்குப் பேசிய தொகையைக் கொடுப்பவர். கூட்டம் வராவிட்டால் முதல் நட்டம் புரமோட்டருடையது.

புதிய குழுவுக்குப் பேசும் தொகை சிறியது. வேன், பெட்ரோல், தங்குமிடம், கருவி பழுது, சாமான் தூக்கும் ஆட்களின் கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பற்றாத பணத்தை இசைத்தட்டு நிறுவனம் முன்பணமாகத் தரும். முன்பணம் என்பது பரிசு அல்ல. பின்னால் வரும் விற்பனையில் கழித்துக்கொள்ளப்படும் கடன். அரங்கு நிரம்பி வழிந்தது என்று செய்தி படிக்கும்போது, குழுவின் பையும் நிரம்பியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்கா: தூரமும் காத்திருப்பும்

பிரிட்டனுக்குள் சுற்றுவது வேறு, அமெரிக்காவில் சுற்றுவது வேறு. லண்டனிலிருந்து நியூகாசில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். பல நிகழ்ச்சிகளில் வாசித்து முடித்து அதே இரவில் வீடு திரும்பிவிடலாம். நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ 4,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே வீடு என்பது அடுத்த ஹோட்டல் அறைதான்.

1969 அக்டோபர் 29 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள காடர்ட் கல்லூரியில் அவர்களுடைய அமெரிக்கப் பயணம் தொடங்கியது. அந்நாட்டில் ஆல்பத்தை வெளியிட்டது அட்லாண்டிக் நிறுவனம். ஆல்பம் பிறகு அங்கே விற்பனை வரிசையில் 28ஆம் இடம்வரை சென்றது. ஆனால் பயணம் தொடங்கியபோது கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. நவம்பர் தொடக்கத்தில் சிகாகோவில் அவர்கள் வாசிக்க வேண்டிய கைனடிக் பிளேகிரவுண்ட் அரங்கில் தீப்பிடித்தது. நவம்பர் 21, 22 தேதிகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம். பில் கிரஹாம் என்ற புரமோட்டர் நடத்திய அந்த அரங்கில் ஒரே இரவில் மூன்று குழுக்கள், இரண்டு காட்சிகள் என்பது வழக்கம். மாதக் கடைசியில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் ஒரு திறந்தவெளி விழா. டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ், பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட்.

இந்தப் பட்டியலைத் தேதிகளோடு படித்தால் ஒன்று கண்ணில் படும். ஏழு வாரத்தில் வாசித்த இரவுகளைவிட வாசிக்காத இரவுகள் அதிகம். தொடர்ச்சியாக வாசிப்பதுதான் ஒரு குழுவுக்குக் களைப்பைத் தரும் என்று நாம் நினைக்கிறோம். வாசிக்கும் இரவு களைப்பைத் தந்தாலும் அதற்கொரு பலனும் கையோடு கிடைத்துவிடுகிறது. அந்நிய ஊரில், பிரிந்து வந்த மனிதர்களை நினைத்துக்கொண்டு, அடுத்த நிகழ்ச்சிக்காக ஆறு நாள் ஒரு ஹோட்டல் அறையில் காத்திருப்பதற்கு அப்படி ஒரு பலனும் இல்லை. இசைக்குழுக்கள் உடைந்ததற்கு அகந்தை, பணம், போதை என்று காரணம் தேடுபவர்கள் இந்த வெற்றுநாட்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

உடைந்தது எப்படி

டிசம்பர் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவில் இருந்தபோது, மெக்டொனால்டும் ஜைல்ஸும் குழுவை விட்டு விலகப்போவதாக ஃப்ரிப்பிடம் சொன்னார்கள். ஜைல்ஸுக்குப் பயண வாழ்க்கை ஒத்துவரவில்லை. மெக்டொனால்டுக்கு வீட்டு ஏக்கம். இசையின் இருண்ட போக்கும் அவருக்கு உறுத்தியது. குழு உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தானே விலகிக்கொள்வதாகக் கூட ஃப்ரிப் சொல்லிப் பார்த்தார். அவர்கள் ஏற்கவில்லை. கையில் இருந்த நிகழ்ச்சிகளை மட்டும் வாசித்து முடித்தார்கள். பிற்காலத்தில் மெக்டொனால்ட் அந்த முடிவுக்காக வெளிப்படையாக வருந்தினார்.

இவர்களில் யாரையும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் நிலவறையிலிருந்து ஹைட் பார்க்குக்கு உயர்த்திய அதே மேடை வாழ்க்கை, அடுத்த ஆறு மாதத்தில் அவர்களைத் தாங்க முடியாத தூரத்துக்கு இழுத்துச் சென்றது. பழகிய ஊரில், சிறு தூரத்தில், அடிக்கடி வாசித்தபோது மேடை அவர்களை இணைத்தது. தூரம் கூடி, இடைவெளி கூடி, வாசிப்பு குறைந்தபோது அதே பயணம் பிரித்தது.

ஃபில்மோர் வெஸ்ட்டில் அதே நாட்களில் வாசித்த இன்னொரு பிரிட்டிஷ் குழு தி நைஸ். அதன் விசைப்பலகைக் கலைஞர் கீத் எமர்சனும் கிரெக் லேக்கும் அங்கே பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு 1970இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற குழுவாக மாறியது. ஆகஸ்டில் பிளிமத்தில் முதல் நிகழ்ச்சி, சில நாட்களில் ஐல் ஆஃப் வைட் விழா. கிங் கிரிம்சன் பெயரில் ஃப்ரிப்பும் சின்ஃபீல்டும் ஆல்பங்களைத் தொடர்ந்தார்கள். ஆனால் அந்தப் பெயர் மீண்டும் மேடை ஏற 1971 ஏப்ரல்வரை ஆயிற்று.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்

1969இன் மேடைப் பதிவுகள் சிலவற்றை ஃப்ரிப்பின் நிறுவனம் 1997இல் 'எபிடாஃப்' என்ற தொகுப்பாக வெளியிட்டது. முதலில் ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பிறகு ஃபில்மோர் ஈஸ்ட், ஃபில்மோர் வெஸ்ட் பதிவுகளுக்குப் போங்கள். ஒலி மங்கலாக இருக்கும், மெல்லோட்ரான் சில இடங்களில் சுருதி விலகும், பாடகரின் குரல் பின்னுக்குப் போகும். பொருட்படுத்தாமல் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ஆல்பத்தில் அளந்து வைத்ததுபோல் ஒலிக்கும் மைக்கேல் ஜைல்ஸின் வாசிப்பு, மேடையில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வேறு வேறு பதில் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்பீர்கள். விலகுவது என்று முடிவாகிவிட்ட பிறகு, ஃபில்மோர் வெஸ்ட்டின் இறுதி இரவுகளிலும் அந்தப் பதில்கள் குறையவில்லை.